திறக்குமுன் ஆயத்தம்: கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் வாழ்வும் பணியும்

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. இறைவனின் அருட்கொடைகளுள் மழையே உயிர்கள் அனைத்துக்கும் பொதுவானது என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும். அம்மழை மலையின் ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் பொழிவது இயற்கை. மிகுந்த இடத்து நீரைக் குறைந்த இடத்துக்குக் கொணர்வது மனித முயற்சி. அம்முயற்சியில் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்டவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் அவர் பெயரை அறியாத சிறுவரும் இலர்.

அணை கட்டிய பெருமகன் என்று அவரைப் போற்றும் கட்டுரைகள் பலவுள. நாம் இங்கு அவர் வாழ்வை வேறொரு நோக்கில் காண விழைகிறோம். நீரைத் திறப்பது ஒரு நொடிச் செயல். திறப்பதற்குரிய ஆயத்தம் பல்லாண்டுச் செயல். பேரணையாயினும், ஆலையில் ஓடும் பெரிய பம்பாயினும், இவ்வுண்மை ஒன்றே. பென்னிகுயிக்கின் வாழ்வு அவ்வுண்மைக்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்றாகும்.

பிறப்பும் இளமையும்

ஜான் பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையாரும் ஜான் பென்னிகுயிக் என்னும் பெயருடைய படைத்தலைவரே. தாயார் சாரா. 1849ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபிலுள்ள சிலியான்வாலாவில் ஆங்கிலேயருக்கும் சீக்கியருக்கும் இடையே கடும்போர் மூண்டது. அப்போரில் தந்தையார் வீழ்ந்தார். உடன் சென்ற தமையன் அலெக்சாண்டரும் உயிர் துறந்தார். இளைய ஜானின் எட்டாம் பிறந்தநாளுக்கு அன்று இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. ஒரே நாளில் தந்தையையும் தமையனையும் இழந்த அச்சிறுவனே பின்னாளில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தான் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1858ஆம் ஆண்டு சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 1860ஆம் ஆண்டு இந்தியா வந்தார். 1867-68இல் நடந்த அபிசீனியப் படையெடுப்பிலும் பங்குகொண்டார். பின்னர்ப் பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பணிகளே அவருடைய வாழ்க்கைப் பணியாக அமைந்தன. 1879ஆம் ஆண்டு கிரேஸ் ஜார்ஜியானா என்னும் அம்மையாரை மணந்தார்.

ஆற்றைத் திருப்பும் எண்ணம்

பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலப்பது. மலையின் கிழக்குப் புறத்திலோ வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்தது. மேற்கே செல்லும் நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் பென்னிகுயிக்கிற்கு முன்பே நம்மவர் நெஞ்சில் முளைத்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதி அரசின் பிரதானியாக விளங்கிய முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆளனுப்பி இடத்தை ஆராயச் செய்தார். பொருள் வசதியின்மையால் அம்முயற்சி நின்றது. 1808ஆம் ஆண்டு ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் இது இயலாத காரியம் என்று அறிக்கை தந்தார். 1850ஆம் ஆண்டு தொடங்கிய சிறு பணியும் காய்ச்சலாலும் கூலித் தகராற்றாலும் கைவிடப்பட்டது. 1867ஆம் ஆண்டு மேஜர் ரைவ்ஸ் மண்ணணை ஒன்றைப் பரிந்துரைத்தார். அதுவும் ஏட்டளவில் நின்றது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அரசின் கண்களைத் திறந்தது. மதுரைச் சீமையும் அதன் கொடுமைக்குத் தப்பவில்லை. 1882ஆம் ஆண்டு, பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1884ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. அணை அமையும் இடம் திருவிதாங்கூர் அரசுக்குரியதாகையால், 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பொறுப்பேற்றதும் அவர் மண்வெட்டியைத் தூக்கிவிடவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அளவெடுப்பிலும் கணக்கிலும் ஒப்பந்தத்திலும் கழிந்தன. மண்ணணை என்ற பழைய எண்ணத்தை விடுத்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் திண்ணணை எழுப்பத் திட்டமிட்டார். செங்கற் பொடியாகிய சுர்க்கி சுண்ணாம்புடன் சேர்ந்து நீரிலும் இறுகும் தன்மையுடையது. மேலே 12 அடி அகலமும், அடியில் சுமார் 138 அடி அகலமும், அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும், ஏறத்தாழ 1,200 அடி நீளமும் கொண்ட அவ்வணை தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அழுத்தம் அடியில் மிகுதி. ஆதலின் அகலமும் அடியில் மிகுதி.

வெள்ளமும் காய்ச்சலும்

1887ஆம் ஆண்டு பணி தொடங்கிற்று. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில், யானையும் புலியும் உலவிய காடு அது. சென்னைப் பயனியர் படையினரும், சமவெளியிலிருந்து சென்ற கூலியாட்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சரும் அங்கே உழைத்தனர்.

அணை கட்டுவதில் அரிய பகுதி சுவர் எழுப்புவதன்று. ஓடும் ஆற்றை ஒதுக்கிவிட்டு அடித்தளத்தை உலர்த்துவதாகும். தற்காலிக அணைகளால் ஆற்றை மறித்து, உள்ளே ஊறும் நீரை வெளியேற்றி, பாறை தெரியும் வரை தூய்மை செய்த பின்னரே காரை இடலாம். அத்தற்காலிக அணைகளைப் பெருவெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. பல மாத உழைப்பு ஓர் இரவில் நீரோடு போயிற்று. அவரோ ஒவ்வொரு முறையும் மறித்தலிலிருந்தே மறுபடி தொடங்கினார். அடித்தளம் முறையாக அமையாமல் மேற்சுவர் எழுப்பும் குறுக்கு வழியை அவர் நாடவில்லை.

அரசு பணம் தர மறுத்தபோது அவர் தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்று நம் பகுதியில் வழங்கும் செய்தியை நாமறிவோம். அன்பு மிகுதியால் பிறந்த செய்தி அது. ஏறத்தாழ 81 லட்சம் ரூபாய் ஆன இத்திட்டத்தை அரசு ஆவணங்கள் சென்னை மாகாண அரசின் செலவாகவே காட்டுகின்றன. உண்மையைக் கூறுவதால் அவர் பெருமை குன்றாது. அவர் விற்காத வீட்டைவிட, விட்டுக்கொடுக்காத பொறுமையே பெரிது என்பது நம் கருத்து.

வெள்ளத்தினும் கொடியது காய்ச்சல். அணை கட்டும் காலத்தில் நோயால் இறந்தவர் 483 பேர் என்று பதிவுகள் கூறுகின்றன. அணையின் அருகேயே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டு. அணை திறந்து ஈராண்டுகள் கழிந்த பின்னரே அவ்வுண்மை உலகுக்குத் தெரிந்தது. எத்துணைத் திறமான பொறியாளரும் தாம் அறியாத ஆபத்துக்கு ஆயத்தம் செய்ய இயலாது. அறிந்த ஆபத்துக்கும் ஆயத்தம் செய்யாதிருப்பதோ மன்னிக்க இயலாத குற்றம். இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை அக்கல்லறைகள் நமக்கு ஓயாது உணர்த்துகின்றன.

நீர் திறந்த நாள்

அணை நீரைத் தேக்கும்; ஆயின் அணை மட்டும் நீரைக் கிழக்கே கொணராது. தேக்கத்திலிருந்து ஓர் அணுகு கால்வாய் வெட்டி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுரங்கம் அமைத்து, அதன் வாயிலில் மதகுப் பலகைகள் பொருத்தினர். 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு தேக்கடியில் நீரைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய ஆறு மலையைக் கடந்து வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு கூடி வைகையை அடைந்தது. அன்று ஏறிய பலகையின் பின்னால் பதின்மூன்று ஆண்டுக் கணக்கும் உழைப்பும் இருந்தன. அதனாலேதான் அத்திறப்பு விபத்தாகாமல் விழாவாயிற்று.

பிற்கால வாழ்வு

1895ஆம் ஆண்டு அவருக்கு சி.எஸ்.ஐ. என்னும் பட்டம் வழங்கப்பட்டது. இங்கிலாந்து திரும்பிய பின் 1896 முதல் 1899 வரை கூப்பர்ஸ் ஹில்லில் அமைந்த இந்தியப் பொறியியற் கல்லூரியின் தலைவராக விளங்கினார். பெரியாற்றைத் திருப்பியதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரைக்காக, பொறியாளர் சங்கம் டெல்போர்டு பதக்கம் அளித்தது. 1899ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தணிக்கும் வழிகுறித்து ஆலோசனை வழங்கினார். 1911ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் கேம்பர்லியில் இயற்கை எய்தினார்.

நம் மக்கள் அவரை மறந்தாரிலர். பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். அவர் பிறந்தநாள் தைத்திங்கள் பிறப்பை ஒட்டி வருவது அதற்குப் பொருந்திற்று. 2013ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் லோயர் கேம்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2022ஆம் ஆண்டு கேம்பர்லியிலும் அவர் சிலை எழுந்தது.

பம்பு அறைக்கு ஒரு பாடம்

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று 14,707 ஏக்கர் இருபோக நிலம் பெரியாற்று நீரை நம்பியுள்ளது. அதே நீர் லோயர் கேம்பில் நான்கு பெருங்குழாய்கள் வழியே இறங்கி மின்னாக்கிகளையும் சுழற்றுகிறது. அங்கே நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பம்பிலோ சக்கரம் நீரைத் தள்ளுகிறது. திசை வேறு, கட்டுப்பாடு ஒன்றே. நம் மாணவருள் பலர் நாளை ஆலைகளிலும் குடிநீர் ஏற்று நிலையங்களிலும் பணிபுரியவுள்ளனர். பள்ளிவாசல் ஹவுளுக்கு நீரேற்றும் சிறு மோட்டாரை இயக்குவோரும் நம்மிடையே உளர். இக்கலை நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. உறிஞ்சு குழாயுடன் கூடிய இரட்டை உருளைப் பம்பை 1206ஆம் ஆண்டிலேயே தம் நூலில் விளக்கியவர் அல் ஜஸரீ என்னும் பேரறிஞர். ஆதலின் பென்னிகுயிக்கின் வாழ்விலிருந்து பம்பு அறைக்கு நாம் பெறத்தக்க பாடங்களை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, அடித்தளம். பாறையைக் காணாமல் அவர் காரை இடவில்லை. பம்பும் மோட்டாரும் அமர்ந்த இரும்புத் தளத்தின் மரைகள் இறுகியுள்ளனவா, இரண்டின் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தால், இறுக்கமோ உராய்வோ இருப்பின் தெரிந்துவிடும். பேரிங்குகளில் எண்ணெயோ கிரீசோ உரிய அளவில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, நீர் வரும் வழி. அணுகு கால்வாய் இன்றேல் சுரங்கம் பயனற்றது. அவ்வாறே உறிஞ்சு குழாய் செம்மையாக இல்லையேல் பம்பு பயனற்றது. வடிகட்டியில் குப்பை அகற்றப்பட வேண்டும். ஃபுட் வால்வு கசியாதிருக்க வேண்டும். உறிஞ்சு வால்வு முழுதும் திறந்திருக்க வேண்டும். பம்பு நீரை இழுக்கிறது என்று கருதுகிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் ஏறத்தாழ 34 அடி உயர நீரையே தாங்க வல்லது. நடைமுறையில் அதனினும் குறைந்த ஆழமே கைகூடும். உள்ளே காற்று நின்றால் மையவிலக்கு பம்பு வெறுமனே சுழலும். ஆதலின் குழாயையும் பம்பின் வயிற்றையும் நீரால் நிரப்பி, காற்றை முற்றும் வெளியேற்றிய பின்னரே தொடங்க வேண்டும். நீரின்றி ஓடும் பம்பு சில நிமிடங்களில் தன் அடைப்புகளைத் தானே எரித்துக்கொள்ளும்.

மூன்றாவது, மின்சாரம். மும்முனை மின்சாரத்தில் இரு கம்பிகள் மாறினாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஆகவே புதிதாக இணைத்தபோதும் பழுது பார்த்தபோதும், பம்புடன் பிணைக்குமுன் சுழலும் திசையைச் சோதித்தல் நன்று. எர்த் கம்பி உறுதியாக உள்ளதா என்பது உயிரோடு தொடர்புடைய வினா. சுழலும் இணைப்பின்மீது காப்பு மூடி இல்லாமல் இயக்கத்தைத் தொடங்கலாகாது. ஒருவர் பம்பில் கை வைத்து வேலை செய்யுங்கால் மெயினை நிறுத்திப் பூட்டி, சாவியை அவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, திறக்கும் முறை. மதகுப் பலகையைப் போன்றதே பம்பின் வெளியேற்று வால்வு. ஆலைகளில் பெரிதும் வழங்கும் மையவிலக்கு பம்பை இவ்வால்வை மூடி வைத்துத் தொடங்குவது பொதுவழக்கு. அப்போது மோட்டாரின் சுமை குறைவு. வேகம் ஏறியதும் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். மூடியபடியே நெடுநேரம் ஓடவிட்டால் உள்நீர் கொதிக்கும். திடீரெனத் திறந்தாலோ வெற்றுக் குழாயில் நீர் பாய்ந்து அதிர்ச்சி எழும். தண்டு முன்னும் பின்னும் சென்று நீரைத் தள்ளும் பிஸ்டன் பம்புக்கோ விதி நேர்மாறானது. அதனை மூடிய வால்வுடன் தொடங்கினால் குழாயோ உருளையோ வெடிக்கும். எந்தப் பம்பு என்பதை அறியாமல் பொத்தானை அழுத்துவது, ஆற்றை அறியாமல் அணை கட்டுவதை ஒக்கும்.

ஐந்தாவது, தொடங்கிய பின் காவல். அழுத்தமானியையும் அம்மீட்டரையும் நோக்க வேண்டும். பேரிங்கின் சூட்டைக் கவனிக்க வேண்டும். கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஓசை கேட்பின் உறிஞ்சு வழியில் குறை உண்டென்று அறிதல் வேண்டும். திரி அடைத்த பம்பில் தண்டின் அருகே சொட்டுச் சொட்டாக நீர் கசிவது பழுதன்று. அதுவே தண்டைக் குளிர்விப்பது. அதை முற்றும் நிறுத்த முனைந்து இறுக்குவோர் தண்டைத் தேய்ப்பர். மையவிலக்கு பம்பை நிறுத்துங்கால் வெளியேற்று வால்வை மெல்ல மூடிய பின் மோட்டாரை நிறுத்துவது முறை. பார்த்தவற்றை ஏட்டில் பதிவு செய்தல் அடுத்து வருபவருக்குச் செய்யும் உதவி. பெரியாற்று அணையும் திறந்ததோடு விடப்படவில்லை. 1979ஆம் ஆண்டுக்குப் பின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, இரும்பு வடங்களாலும் கான்கிரீட்டாலும் அணை வலுப்படுத்தப்பட்டது. அதன்பின் 2006ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்க இசைவளித்தது. நூறாண்டு கடந்தும் காவல் தேவைப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆறாவது, மனித உயிர். பழுது பார்க்கக் கிணற்றிலோ மூடிய தொட்டியிலோ இறங்குவோரை நச்சுக்காற்று மயக்கி வீழ்த்தும். காப்பாற்றப் பின்னால் இறங்குவோரும் மாள்வர். உள்ளே காற்றோட்டம் செய்து, காற்றைக் கருவியால் சோதித்து, கயிறு கட்டி, மேலே ஒருவர் காவல் நிற்காமல் இறங்கலாகாது. கொசுவின் தன்மை 1895இல் தெரியாது. மின்சாரத்தின் தன்மையும் நச்சுக்காற்றின் தன்மையும் இன்று நமக்குத் தெரியும். அறிந்தும் விரைவு கருதி விட்டுவிடுவோமாயின், அம்மலையில் உறங்கும் 483 பேருக்கும் நாம் என்ன விடை சொல்வோம்?

நிறைவுரை

பென்னிகுயிக் நம் இனத்தவரல்லர், நம் மொழியினரல்லர், நம் சமயத்தவருமல்லர். ஆயினும் அவர் செய்த பணியின் பயன் எல்லார் வயலுக்கும் வேறுபாடின்றிப் பாய்கிறது. அவர் படத்துக்கு மாலை சூட்டுவதும் பொங்கல் வைப்பதும் நன்றியுணர்வின் வெளிப்பாடு. அந்நன்றியைத் தொழிலிலும் காட்ட வழியுண்டு. நீரை இயக்கும் பணி எதுவாயினும், திறக்குமுன் ஒருகணம் நின்று, அடித்தளம், வழி, விசை, வால்வு, உயிர் என ஒவ்வொன்றாய் நோக்கி, பிறகே கை வைக்கும் பழக்கத்தை மாணவச் செல்வங்கள் மேற்கொள்வார்களாக. ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோர்களும் அப்பழக்கத்தை அவர்களிடம் வளர்ப்பார்களாக. சுரங்கத்தின் வழியே வரும் பெரியாற்று நீர் நம் வயல்களை என்றும் நனைப்பதாக!